முறுக்கு தளர்ந்த குப்பிகள்

தரப் பரிசோதனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதல் வாரத்திலேயே ஒன்றைச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அளவு வரம்புக்கு மேலே இருந்தால் மருந்தை வெளியே விடு, கீழே போனால் நிறுத்து. நானும் ஓய்வு பெறும்வரை பெரும்பாலும் அதைத்தான் செய்தேன். ஆனால் ஒரே தடவையில் தயாரித்த மருந்தைத் தொகுதி என்போமே, அவற்றில் என்னை அதிகம் ஆட்டிப்படைத்த தொகுதி வரம்புக்குக் கீழே போனதல்ல, மேலே இருந்தது. அதைப் பற்றிச் சொல்லுங்கள் என்று நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன்.

கொல்கத்தாவின் சால்ட் லேக் பகுதியில் இருந்த எங்கள் ஆய்வுக்கூடத்தில் அப்போது டி.என்.ஏ ஊசிமருந்து ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தோம். காலில் ரத்தக்குழாய் அடைத்து, புண் ஆறாமல், காலையே எடுத்துவிட வேண்டியதுதான் என்று மருத்துவர்கள் கைவிரிக்கும் நிலையில் இருப்பவர்களுக்கானது. புதிய நுண்குழாய்கள் முளைக்கத் தூண்டும் மரபணு ஒன்றைச் சின்னஞ்சிறிய டி.என்.ஏ வளையத்தில் ஏற்றி, கெண்டைக்காலில் ஊசியாகப் போடுவார்கள். இன்னும் சோதனை நிலையில் இருந்த மருந்து. நகரத்தில் ஒரே ஒரு மருத்துவமனையில், சில நோயாளிகளுக்கு மட்டும், தவணை தவணையாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

உங்களில் சிலர் கணினிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்பதால் ஒரு விஷயத்தை விளக்கிவிடுகிறேன். ஈரத்துண்டின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு நன்றாக முறுக்குங்கள். பிறகு இரண்டு கைகளையும் பக்கத்தில் கொண்டுவாருங்கள். துண்டு தன்மேல் தானே சுற்றிச் சுருண்டுவிடும். பாக்டீரியாவிலிருந்து நாங்கள் பிரித்தெடுக்கும் வளையங்களும் அப்படித்தான் சுருண்டிருக்கும். பாடப்புத்தகத்தில் மீச்சுருள் என்பார்கள். நாங்கள் ‘இறுக்கமான வளையம்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். இறுக்கமான வளையம் இடத்தை அடைக்காது. மெல்லிய ஊசி வழியாகத் தள்ளினாலும் நழுவிக்கொண்டு போய்விடும். தளர்ந்த வளையம் விரிந்து நிற்கும். நீரோட்டத்தின் இழுப்பில் அறுந்துபோக வாய்ப்பு அதிகம்.

பயமுறுத்தும் பகுதி இனிமேல்தான். இறுக்கம் போவதற்கு வளையம் முழுதாக அறுபட வேண்டியதில்லை. இரண்டு இழைகளில் ஒன்றில், ஏதோ ஓரிடத்தில், ஒரே ஒரு வெட்டு விழுந்தால் போதும். அந்த இடத்தில் மற்ற இழை சுழன்று கொடுக்க, சேர்ந்திருந்த சுருள் முழுவதும் அவிழ்ந்துவிடும். இறுக்கத்தையே உறுதி என்றும் நினைத்துவிடாதீர்கள். அந்த முறுக்கு ஓயாத ஓர் இழுபறி. அதன் அழுத்தத்தில், வலுக்குறைந்த இடங்களில் இரண்டு இழைகளும் லேசாகப் பிரிந்து வாய் திறந்துகொள்ளும். எது வளையத்தைக் காக்கிறதோ அதுவே அதன் உள்ளே ஒரு பலவீனத்தையும் வைத்திருக்கிறது.

அது துர்கா பூஜை நெருங்கிக்கொண்டிருந்த நேரம். எங்கள் பிளாக்கில் பந்தலுக்கு மூங்கில் கட்டத் தொடங்கியிருந்தார்கள். சோதனைகளைச் செய்யும் மௌசுமி ஒரு பிற்பகலில் என் அறைக்கு வந்தாள். கையில் ஜெல் படம். வளையங்களை மின்சாரத்தில் ஓடவிட்டு எடுத்த படம் அது. இறுக்கமானவை வேகமாக ஓடி முன்னால் ஒரு கோடாக நிற்கும், தளர்ந்தவை பின்தங்கி இன்னொரு கோடாக நிற்கும். நாங்கள் வங்காளத்தில் பேசிக்கொண்டதைத் தமிழில் தருகிறேன். அக்காவுக்கு ‘தீதி’, அண்ணனுக்கு ‘தாதா’ அல்லது ‘தா’ என்பதை மட்டும் அப்படியே விடுகிறேன்.

“பாஸ் ஆயிடுச்சு, தீதி” என்றாள். ஆனால் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

“அப்புறம் ஏன் இப்படி நிக்கற?”

“குப்பிகளில அடைச்ச அன்னிக்கு எடுத்த படத்தையும் கொண்டுவந்திருக்கேன். ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க.”

பார்த்தேன். முன்னால் நின்ற கோடு மங்கியிருந்தது. பின்னால், அன்று இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருந்த கோடு, இன்று தெளிவாகத் தெரிந்தது. அளந்து பார்த்தால் இறுக்கமானவற்றின் பங்கு இன்னும் வரம்புக்கு மேலேதான். ஆனால் அதே குளிரில், அதே அளவு காலம் வைத்திருந்த பழைய தொகுதிகள் எதுவும் இப்படி நகர்ந்ததே இல்லை.

மறுபடி ஓட்டச் சொன்னேன். வேறு குப்பியிலிருந்து, வேறு ஜெல்லில். அதே படம் வந்தது.

தயாரிப்புப் பிரிவின் தலைவர் அனிர்பன்-தா. என்னைவிட மூத்தவர், வேலையைச் சுத்தமாகச் செய்பவர். நான் குப்பிகளை நிறுத்தி வைக்கிறேன் என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

“வரம்பை யார் வெச்சது? நீயும் நானும் சேர்ந்து வெச்சதுதானே? அதைத் தாண்டியிருக்கு. எந்த விதிப்படி நிறுத்தற?”

“இறங்கிட்டே இருக்கு, தாதா.”

“இறங்கினாலும் இன்னிக்கு மேலேதான் இருக்கு. இந்த வாரமே ஊசி போட்டுடுவாங்க. இப்ப நிறுத்தினா பூஜை லீவு வந்துடும். அதுக்கப்புறம் யாரைக் கூப்பிட்டு, எப்ப திரும்ப ஆரம்பிக்கறது? அந்த நோயாளிங்க அதுவரைக்கும் என்ன பண்ணுவாங்க?”

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. அதுதான் என் பிரச்சினையே. முட்டாள்தனமாக யாராவது வாதாடினால் எதிர்த்து நிற்பது சுலபம். அன்று மாலைக்குள் மருத்துவமனையிலிருந்து அறுவை மருத்துவரும் அழைத்தார். அவர் கேட்டது இன்னும் கூர்மையான கேள்வி.

“தளர்ந்த வளையம் விஷமா?”

“இல்லை.”

“வேலையே செய்யாதா?”

“செய்யும். குறைவாகச் செய்யலாம்.”

“என்னிடம் இருப்பவர்களுக்கு வேறு வழி எதுவும் இல்லை. ஒன்றுமில்லாததைவிட, கொஞ்சம் தளர்ந்தது மேல் இல்லையா?”

ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கட்டுபவர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தது கேட்டது. கடைசியில் சொன்னேன்: “எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஏன் தளர்கிறது என்று தெரியாது. அது தெரியாதவரை, குப்பிக்குள் வேறு என்ன நடக்கிறது என்பதும் எனக்குத் தெரியாது.”

அவர் வாதாடவில்லை. “சீக்கிரம் கண்டுபிடியுங்கள்” என்று சொல்லி வைத்துவிட்டார். கோபித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் காலை நான் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது எங்கள் வாசலில் ஓர் இளம்பெண் நின்றுகொண்டிருந்தாள். கழுத்தில் செக்டர் ஃபைவ் ஐ.டி. அலுவலக அடையாள அட்டை. காவலாளி அவளை உள்ளே விடவில்லை. என் தமிழ்ப் பெயரை அவன் சொன்னதைக் கேட்டு, நேரே தமிழில் ஆரம்பித்துவிட்டாள்.

“மேடம், நீங்க தமிழா? என் பேரு செல்வி. எங்கப்பாவுக்குத்தான் இந்த வாரம் ரெண்டாவது ஊசி. வர்றதா இருந்துச்சு. இப்ப மருந்து வரலைன்னு சொல்றாங்க.”

கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். வீட்டுக்கு வெளியே, வேலை செய்யும் இடத்தில், யாரும் என்னிடம் தமிழில் பேசியதில்லை. அந்த மொழியைக் கேட்டதுமே பாதி உறுதி கரைந்துவிட்டது.

“செல்வி, நோயாளி வீட்டுக்காரங்ககிட்ட நான் இதைப் பத்திப் பேசக் கூடாதும்மா. டாக்டர்கிட்டதான் கேக்கணும்.”

“அவரு லேப்ல நிறுத்தி வெச்சிருக்காங்கன்னு மட்டும் சொல்றாரு. எங்கப்பா திண்டுக்கல்ல பி.டி. வாத்தியாரா இருந்தவரு மேடம், வைத்தியத்துக்காகத்தான் இங்க கூட்டிட்டு வந்தேன். முப்பது வருசம் கிரவுண்ட்லயே நின்ன மனுசன். மொத ஊசிக்கு அப்புறம் வலி கொஞ்சம் கொறைஞ்சு தூங்குனாரு. இப்ப மறுபடி வெரலு கறுக்குது.” “நிறுத்தி வெச்சிருக்கறது யாருன்னாவது சொல்லுங்க. நான் அவங்க கால்ல வேணா விழறேன்.”

நிறுத்தியது நான்தான் என்று சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. “உள்ள நாங்க சும்மா உக்காந்திருக்கலைம்மா” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சாலையைக் கடந்து பஸ் நிறுத்தம் பக்கம் போனாள். பேருந்து வந்தும் அவள் ஏறவில்லை.

இது போன்றது உங்களுக்கும் நடக்கலாம். நடந்தால் நான் செய்ததைச் செய்யுங்கள். உள்ளே போனதும் முதல் வேலையாக மருத்துவருக்கும் சோதனையைக் கண்காணிக்கும் குழுவுக்கும் நடந்ததைத் தெரிவித்தேன். தரத்தில் சந்தேகம் இருப்பதால் தவணை தள்ளிப்போகிறது என்று எல்லா நோயாளிகளுக்கும் வெளிப்படையாகச் சொல்லிவிடும்படியும் கேட்டுக்கொண்டேன். அந்தப் பெண்ணின் முகத்தை மனதில் வைத்துக்கொண்டு முடிவெடுக்கக் கூடாது என்பார்கள். என்னால் அதை மனதிலிருந்து எடுக்க முடியவில்லை. அதனால், அந்த முகம் இருக்கும்போதே எந்தக் கேள்விக்கு விடை வேண்டும் என்று யோசிக்கப் பார்த்தேன்.

கேள்வி இதுதான்: வெட்டு எங்கே விழுகிறது? தயாரித்த மருந்தைச் சேர்த்து வைக்கும் பெரிய குடுவையில் இருந்தபோதா, குப்பியில் அடைத்த பிறகா, இல்லை நாங்கள் சோதிக்கும்போதா?

அனிர்பன்-தாவிடமே போனேன். குப்பியில் அடைத்தது போக மிச்சம் பெரிய குடுவையில் உறைந்து கிடந்தது. அதில் கொஞ்சம் வேண்டும் என்றேன். அவர் மறுத்திருக்கலாம். மறுக்காமல், “நானும் வர்றேன்” என்று எழுந்தார்.

குடுவை மருந்தையும் குப்பி மருந்தையும் வெதுவெதுப்பில் வைத்தோம். சூட்டில் வைத்தால், குளிரில் மெல்ல நடப்பது சீக்கிரம் நடக்கும். குப்பி மருந்தில் இன்னொரு பங்கில், கரைசலில் இருக்கும் உலோகத்தைப் பிடித்துக் கட்டிப்போடும் உப்பைச் சேர்த்தேன். ஏன் உலோகம் என்று மௌசுமி கேட்டாள். கரைசலில் இரும்பு துளியளவு இருந்தாலும் அது ஆக்சிஜனோடு சேர்ந்து இழைகளைக் கடிக்கும். அதுவாக இருக்குமோ என்ற ஊகம்தான், நிச்சயம் எதுவும் இல்லை. ஊகம் தவறிப்போனால் அடுத்து எங்கே தேடுவது என்று எனக்குத் தெரியாது. அதை அவளிடம் சொல்லவில்லை.

காத்திருந்த நாட்களில் நான் மனுஷியாக இல்லை. வீட்டில் யார் பேசினாலும் எரிந்து விழுந்தேன். கைபேசி அடித்தால் மருத்துவமனையோ என்று பதறினேன். லேக் மார்க்கெட்டில் பூ வாங்கப் போய், பூ வாங்காமலேயே திரும்பி வந்தேன். விரல் கறுக்கிறது என்று அவள் சொன்னது காதில் ஓயவில்லை. என் எச்சரிக்கைக்கு இன்னொருவர் தன் காலைக் கொடுத்துக்கொண்டிருக்கிறாரோ என்று தோன்றியது. அந்த எண்ணம் வந்தபோதெல்லாம் கையெழுத்துப் போட்டு விட்டுவிடலாம் என்றும் தோன்றியது. வரம்புக்கு மேலேதானே இருக்கிறது? ஒருவரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த நினைப்பு எவ்வளவு இதமாக இருந்தது என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது.

படம் வந்த அன்று மூன்று பேரும் ஒன்றாக நின்று பார்த்தோம். குடுவை மருந்து அசையவே இல்லை. குப்பி மருந்தில் இறுக்கமான வளையங்கள் பாதிக்குமேல் தளர்ந்துவிட்டிருந்தன. உப்புச் சேர்த்த பங்கு மட்டும் குடுவை மருந்தைப் போலவே உறுதியாக நின்றது.

அனிர்பன்-தா வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு சின்ன எஃகு இணைப்பான். குப்பிகளில் அடைக்கும் குழாயில் இந்தத் தொகுதிக்குத்தான் முதல்முறையாகப் புதிதாக மாட்டியது. வழக்கமான இடத்திலிருந்து வராததால் வேறு இடத்தில் வாங்கியிருந்தார்கள். விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார். உள்ளே, மரைகளுக்கு இடையில், செம்பழுப்பாக ஒரு துருக் கீற்று.

“எல்லாக் காகிதமும் சரியாத்தான் இருந்துச்சு” என்றார். அவர் குரலில் நான் கேட்டது தற்காப்பு இல்லை, திகைப்பு. நான் அவர் தோளில் கை வைத்தேன். அவரிடம் கோபப்பட அங்கே எதுவும் இல்லை.

காரணம் தெரிந்துவிட்டது. குடுவையில் இருப்பது நல்ல மருந்து. பழைய இணைப்பான்களை மாட்டி, குடுவையிலிருந்து மறுபடி குப்பிகளில் அடைத்தால் போதும். ஆனால் அடைத்த பிறகு கிருமி இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். அந்தச் சோதனையை யாராலும் அவசரப்படுத்த முடியாது. வளரக்கூடியது எதுவும் இருந்தால் அது வளர்வதற்கு நேரம் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். பூஜை விடுமுறையிலும் மௌசுமி வந்து பார்த்தாள். அனிர்பன்-தாவும் நானும் மாறி மாறி வந்தோம்.

அஷ்டமி அன்று மருத்துவர் அழைத்தார். பந்தலில் டாக் மேளம் முழங்கிக்கொண்டிருந்ததால் கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன். திண்டுக்கல்காரருக்குத் தொற்று ஏறிவிட்டது, பாதத்தின் முன்பகுதியை எடுக்க வேண்டியதாகிவிட்டது என்றார். முழங்காலுக்குக் கீழே மிச்சத்தைக் காப்பாற்றத்தான் இனி ஊசி என்றார். நான் “சரி” என்றேன். கதவைத் திறந்து வெளியே வந்ததும் மௌசுமி என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு நாற்காலியை நகர்த்திக் கொடுத்தாள்.

நிறுத்தி வைத்த குப்பிகளைப் பிறகு திறந்து பார்த்தோம். வளையங்களில் பெரும்பாலானவை தளர்ந்திருந்தன, சில அறுந்து நேரிழையாகக் கிடந்தன. நான் செய்தது சரி என்பதற்கு அது சான்று என்றார்கள். அந்தப் படம் எனக்கு எந்த ஆறுதலும் தரவில்லை. அந்த வாரமே போட்டிருந்தால் அவருக்கு என்ன ஆகியிருக்கும் என்பதை அது சொல்லவில்லையே.

புதிய குப்பிகளின் எல்லாச் சோதனையும் முடிந்து, நான் ஒப்புதல் கொடுத்து, அவை மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தன. அடுத்த நாள் மருத்துவர் மறுபடி அழைத்தார்.

“நோயாளி ஊசிக்குச் சம்மதம் சொல்ல மறுக்கிறார். மருந்தை நிறுத்தியவரிடம் ஒன்று கேட்க வேண்டுமாம். குழுவிடம் அனுமதி வாங்கிவிட்டேன். நானும் இங்கேதான் இருக்கிறேன், ஸ்பீக்கரில் போடுகிறேன். உங்கள் மொழியிலேயே பேசுங்கள்.”

முதலில் வந்தது செல்வியின் குரல். வாசலில் பேசியது என் குரல்தான் என்பது அவளுக்கு உடனே புரிந்திருக்க வேண்டும். “அன்னிக்கே குடுத்திருந்தா அப்பாவோட வெரலு நின்னிருக்குமா மேடம்?”

“தெரியலைம்மா” என்றேன். “நின்னிருக்கும்னும் சொல்ல முடியாது, நின்னிருக்காதுன்னும் சொல்ல முடியாது. எனக்கு நிஜமாவே தெரியலை.”

கட்டில் அசையும் ஓசை கேட்டது. பிறகு, மைதானத்தின் அந்தக் கோடிவரை கேட்கும்படி பேசிப் பழகிய ஒரு குரல்.

“நான்தாம்மா தண்டபாணி. போன மருந்த நிறுத்துனது நீங்கதானா?”

“ஆமா சார்.”

“இப்ப வந்திருக்கறத விட்டதும் நீங்கதானா?”

“ஆமா சார்.”

“நிறுத்துனதுக்குக் காரணம் டாக்டர் சொன்னாரு. விட்டதுக்குக் காரணம் யாரும் சொல்லல. இத ஏன் விட்டீங்க?”

நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றுவிட்டேன். அவருக்குப் புரியும்படி சொன்னேன். போன மருந்தைக் கெடுத்தது எது என்று கண்டுபிடித்துவிட்டோம், அதை எடுத்துவிட்டோம். இதைச் சூட்டில் வைத்துப் பார்த்தோம், நாள்கணக்கில் வைத்துப் பார்த்தோம், இது தளரவில்லை. கிருமி இல்லை. இது உங்கள் காலைக் காப்பாற்றும் என்று நான் சொல்லவில்லை. குப்பியின் மேல் என்ன பெயர் எழுதியிருக்கிறதோ அந்த மருந்துதான் உள்ளே இருக்கிறது. அதை மட்டும்தான் என்னால் சொல்ல முடியும்.

“உங்களுக்குப் பயமா இல்லியா?”

“இருக்கு சார். நிறுத்தும்போது இருந்தத விட இப்ப அதிகமா இருக்கு.”

பிறகு அவர் சொன்னார்: “செல்வி, டாக்டர்கிட்ட சொல்லு. போடட்டும்.”

அவருக்கு முழங்காலுக்குக் கீழே கால் நின்றது. குதிகாலை ஊன்றி, தனியாகச் செய்த செருப்போடு நடக்கிறார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அது ஊசியாலா, அறுவையாலா, அவர் உடம்பின் வலுவாலா என்று ஒரே ஒருவரை வைத்துச் சொல்ல முடியாது. நீங்களும் சொல்லாதீர்கள்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஒரு தொகுதியை நிறுத்திப் பாருங்கள், காரணம் கேட்டு எல்லோரும் வந்து நிற்பார்கள். தயாரிப்புப் பிரிவு கேட்கும், மேலிடம் கேட்கும், மருத்துவமனை கேட்கும். அத்தனை பேருக்கும் பதில் சொல்லிச் சொல்லி உங்கள் தீர்ப்பு தானாகவே கூர்மையாகிவிடும். விட்டுவிட்டால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். நான் பணியில் இருந்த காலம் முழுவதும் கையெழுத்துப் போட்டு வெளியே விட்ட தொகுதிகள் எண்ணிலடங்காதவை. அவற்றில் ஒன்றைக் காட்டி, இதை ஏன் விட்டாய் என்று என்னைக் கேட்டவர் பாதத்தில் கட்டோடு கட்டிலில் கிடந்த அந்த மனிதர் ஒருவர்தான்.